வெள்ளம் இல்லை, சரிதானே

பூங்கனி அக்கா மேலப்பாறவிளையை விட்டுப் போனது 2018-ஆம் ஆண்டு அறுப்பின் பண்டிகை ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து, சபை வளாகத்தில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஏலம் விடுபவரின் குரல் ஒலிபெருக்கி வழியாகப் பாறை ஏறி ஊர் முழுக்கக் கேட்டது. எல்லோரும் அங்கே இருந்ததால் அவள் போவதைப் பார்க்க ஒருவரும் இல்லை. கையில் ஒரு பெட்டி, தோளில் ஒரு பை, போர்வையில் சுற்றிய ரேடியோ. ஆட்டோவுக்குக் காத்திருக்காமல் கீழே கருங்கல் டவுன் வரைக்கும் நடந்தே இறங்கினாள். வழியில் ஒரு நாய் மட்டும் வளைவு வரை கூட வந்ததாகப் பிறகு என்னிடம் சொன்னாள்.

நான் அப்போது ஊரில் இல்லை. ஜார்ஜியாவில் ஒரு தங்கும் விடுதியில் படுக்கை விரிக்கும் வேலை. அதற்கு முன் கென்யா, அதற்கும் முன் வேறெங்கோ. ஊர்ச் செய்தி எதுவும் எனக்கு நேராக வராது; அம்மா போனில் சொல்வாள், அதுவும் பாதிதான் சொல்வாள். "பூங்கனி போயிட்டா" என்று ஒருநாள் சொன்னாள். ஏன் என்று கேட்டதற்கு, "இருக்க முடியல்ல, போயிட்டா" என்றாள். நான் திரும்பி வந்து அவளுடைய பூட்டிய வீட்டையே வாடகைக்கு எடுத்துக் குடியிருந்தபோதுதான் மீதிக் கதை கிடைத்தது. கொஞ்சம் அவளிடமிருந்து, கொஞ்சம் பக்கத்து வீட்டு இஸ்ரவேல் மாமாவிடமிருந்து. இரண்டு பேரும் ஒரே கதையைத்தான் சொன்னார்கள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் பிரிந்தார்கள்.

பூங்கனி அக்கா ஒரு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் ஆய்வக உதவியாளர். கல்யாணம் ஆகவில்லை. அப்பா அம்மா அடுத்தடுத்து இறந்த பிறகு அந்த வீட்டில் தனியாக இருந்தாள். கல்லூரிக்கு ஒருமுறை அமெச்சூர் ரேடியோக்காரர்கள் வந்து, மேசைமேல் ஒரு பெட்டியை வைத்து, கோலாலம்பூரில் இருந்த ஒருவரோடு பேசிக் காட்டினார்கள். நடுவில் டவர் இல்லை, சிம் கார்டு இல்லை, மாதக் கட்டணம் இல்லை. மேலே வானத்தில் பட்டு எதிரொலித்து வருகிறது என்றார்கள். மாணவர்கள் கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள். இவள் போகவில்லை. இரண்டு வருடம் படித்து, தேர்வெழுதி, அரசாங்கத்திடம் உரிமம் வாங்கி, தனக்கென்று ஒரு அழைப்புக் குறியும் பெற்றாள். திருவனந்தபுரத்தில் ஒருவர் பழைய கருவியை விற்றார். மாடிக்கும் தென்னைக்கும் நடுவே கம்பி கட்டினாள்.

ஊருக்கு இது முதலில் தெரிந்தது ஒரு விடுமுறை வேதாகமப் பள்ளியின் நிறைவு நாளில். போதகர் ஜெபம் பண்ணிக்கொண்டிருக்க, சபை ஒலிபெருக்கியில் திடீரென்று வாத்து கத்துகிற மாதிரி ஒரு சத்தம். கண்ணை மூடியிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திறந்தார்கள். சத்தம் நின்றது, மறுபடி வந்தது. பூங்கனி அக்கா அந்த நேரத்தில் வீட்டில் இருந்து "யாராவது இருக்கிறீர்களா" என்று உலகத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்த அலை சபையின் மைக் கம்பியில் ஏறி, பாதி வெந்த குரலாக ஒலிபெருக்கியில் இறங்கிவிட்டது. மறுநாள் அவளே போய் மைக் கம்பியில் ஒரு கருப்பு வளையத்தை மாட்டிவிட்டு வந்தாள். பிறகு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது. கடைக்குப் போனால், "என்ன வாத்து, இன்னைக்கு எந்த நாட்டுக்காரன் கெடச்சான்?" என்று கேட்பார்கள். அவளும் ஏதாவது ஒரு நாட்டைச் சொல்வாள்.

அவளுடைய ரேடியோ அறைக்கு வந்து உட்கார்ந்த ஒரே மனுஷி, இஸ்ரவேல் மாமாவின் மனைவி ஜெயபாய். அக்கா அவரை அண்ணி முறையில் மைனி என்றுதான் கூப்பிடுவாள். மாமா வாழைக்குலை வியாபாரி. விடியும் முன்பே கருங்கல் சந்தைக்குப் போய்விடுவார். மகன் பெனிஷ் துபாயில். ஜெயபாய் அத்தை வேலை முடித்து, பால் விடாத கட்டஞ்சாயாவோடு வந்து உட்காருவார். அந்தப் பெட்டியில் வரும் இரைச்சலைக் கேட்டுக்கொண்டே வெங்காயம் உரிப்பார்.

"ஏட்டி, உனக்க மாப்பிள்ள எந்த மீட்டர்ல இருக்கான்னு கண்டுபிடிச்சியா இல்லியா?"

"இருபது மீட்டர்ல தேடியாச்சு மைனி. நாப்பதுலயும் காணல்ல."

"அப்பம் எண்பதுல பாரு. வயசானவனா இருப்பான், கொள்ளாம்."

அலைவரிசை என்றால் என்ன என்று அத்தைக்கு அவள் விளக்கிய விதத்தை எனக்கும் சொன்னாள். இருவரும் மாலையில் நடக்கும்போது தெருவையே காட்டிச் சொல்வாளாம். சுந்தரராஜ் வாத்தியார் வீட்டு கேட் ரிமோட் ஒரு அலைவரிசை. அவர் பட்டனை அமுக்கினால் இரும்புக் கதவு மட்டும் கேட்கும். டீக்கடையில் பாடுவது நாகர்கோவில் பண்பலை, நூற்றொன்று. அதற்குச் சற்று மேலே திருவனந்தபுரத்தில் இறங்குகிற விமானங்கள் தரையோடு பேசுகின்றன. அதற்கும் மேலே தேங்காய்ப்பட்டணத்துப் படகுகள். பதினாறாம் சேனலில் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டு வேறு சேனலுக்கு மாறிவிடும். இன்னும் மேலே செல்போன், அதற்கும் மேலே வைஃபை. தான் பேசுகிற நாற்பது மீட்டர் என்னும் அலைவரிசை இவை எல்லாவற்றுக்கும் கீழே இருக்கிறது, ஏழு மெகாஹெர்ட்ஸ். பகலில் மாநிலம் முழுக்க எட்டும், இருட்டினால் பக்கத்து ஊரைத் தாண்டிக் குதித்து எங்கோ போய் விழும்.

"இத்தன பேச்சும் இப்பம் நம்ம மேலயா போவுது?" என்று அத்தை கேட்டார்.

"ஆமா மைனி. நம்ம ஒடம்பு வழியாவே போவுது. ஒண்ணுகூட நமக்குள்ளது இல்ல."

இதைச் சொன்னபோது அக்கா சிரித்ததாகத்தான் நினைக்கிறேன். ஆனால் தனியாக இருப்பவர்களுக்கு இப்படி ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும் என்பது எனக்கும் தெரியும். மொழி தெரியாத ஊர்களின் பேருந்துகளில் நானும் அதைப் போட்டிருக்கிறேன்.

ஒக்கி புயல் வந்தது 2017 நவம்பர் கடைசியில். அந்த வியாழக்கிழமையைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் மரங்களைத்தான் சொல்வார்கள். ரப்பர் மரங்கள் இடுப்பளவில் முறிந்தன. வாழை ஒன்றுகூட நிற்கவில்லை. மின்கம்பங்கள் சாலைக்குக் குறுக்கே படுத்துவிட்டன. முதல் நாளே மின்சாரம் போயிற்று. செல்போன் டவர்களுக்கு டீசல் தீர்ந்ததும் அவையும் ஊமையாயின. பெனிஷிடமிருந்து அழைப்பு வருமா என்று மாமா போனைக் கையில் பிடித்துக்கொண்டு பாறைமேல் ஏறி நின்றாராம்.

மேலப்பாறவிளைக்கு இன்னொரு கஷ்டமும் இருந்தது. ஊர் இருப்பது முழுப் பாறைமேல். யார் வீட்டிலும் கிணறு கிடையாது. கீழே ஓடையோரம் ஒரு கிணறு. அங்கிருந்து மோட்டார் வைத்து மேலே தொட்டிக்கு ஏற்றுவார்கள். மின்சாரம் இல்லையென்றால் குடிக்கத் தண்ணீர் இல்லை. ஓடைக்கு இறங்கும் வழியில் மரங்கள் விழுந்து கிடந்தன. ஓடை கலங்கிக் கிணற்றுக்குள்ளேயே புகுந்துவிட்டது. பாத்திரங்களில் பிடித்த மழைத்தண்ணீர் இரண்டு நாள் வந்தது. பிறகு வெயில் அடித்தது.

எங்கள் பக்கத்தில் குடிக்கிற தண்ணீரை வெள்ளம் என்போம். "வெள்ளம் குடிச்சியா", "ஒரு கிளாஸ் வெள்ளம் தா". எங்களுக்கு இது சொல்லாகவே தெரியாது, தாகத்தின் பெயர் அவ்வளவுதான். எங்கள் மாவட்ட எல்லையில் உள்ள ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிவிட்டால் அதே சொல்லுக்குப் பொருள் வேறு. அங்கே வெள்ளம் என்றால் ஊரை அடித்துக்கொண்டு போவது.

பூங்கனி அக்காவின் அறையில் கார் பேட்டரியும் ஒரு சூரியத் தகடும் இருந்தன. அறுந்த கம்பியை முடிச்சுப் போட்டு மறுபடி ஏற்றினாள். மாநிலம் முழுக்க உள்ள அமெச்சூர்கள் நாற்பது மீட்டரில் ஒரே இடத்தில் கூடி, புயல் பகுதியிலிருந்து செய்தி வாங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லாரையும் வரிசைப்படுத்தி, செய்திகளை எழுதி, அதிகாரிகளுக்கு அனுப்பிய பொறுப்பு ஆரணியில் இருந்த ஏகாம்பரம் என்பவருடையது. ராணுவத்தின் தகவல்தொடர்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யாரும் ஒரு வார்த்தை கூடப் பேசினால் நிறுத்தச் சொல்வார். ஒவ்வொரு செய்தியையும் திருப்பிச் சொல்லி, "சரிதானே" என்று கேட்டு, மறுமுனை "சரி" என்ற பிறகே எழுதுவார். பிழை வராமல் இருப்பதற்கான முறை அது.

அக்கா அந்த மூன்று நாளும் எங்கெங்கோ உள்ள வீடுகளின் சேதியை அனுப்பினாள். புதுக்கடை, குலசேகரம் போன்ற ஊர்களில் இருந்தும் ஆட்கள் நடந்து வந்து, "நாங்க உயிரோட இருக்கோம்னு எனக்க மவனுக்குச் சொல்லணும்" என்று நின்றார்கள். ரேடியோவில் பேசும்போது அவளுடைய தமிழ் மாறிவிடும். பாடப்புத்தகத் தமிழாக, எல்லா மாவட்டத்துக்கும் புரிகிற மாதிரி பேசுவாள். அது அவளே பழகிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் பழக்கம் நழுவிவிட்டது. மூன்று நாள் தூக்கம் இல்லை. ஜெயபாய் அத்தை கடைசிக் குடத்தில் இருந்த தண்ணீரில் கட்டஞ்சாயா போட்டுக் கொண்டுவந்து, அவள் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"நம்ம ஊருக்கு லாரி கேட்டியா?"

"வரிசை வரட்டு மைனி."

வரிசை வந்தது. இரைச்சல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அத்தை குனிந்து அவள் காதருகே சொன்னார்:

"வெள்ளம் இல்லேன்னு பறயி. நல்லா சத்தமா பறயி."

அக்கா சத்தமாகவே சொன்னாள். மேலப்பாறவிளையில் வெள்ளம் இல்லை, மூன்று நாளாக இல்லை, பிள்ளைகளும் வயசானவர்களும் இருக்கிறார்கள், ஒரு லாரி அனுப்ப வேண்டும். இதில் முதல் பாதிதான் ஆரணிக்குப் போய்ச் சேர்ந்தது. மீதியை இரைச்சல் தின்றுவிட்டது. ஏகாம்பரம் முறைப்படி திருப்பிச் சொன்னார்:

"மேலப்பாறவிளை. வெள்ளம் இல்லை. சரிதானே?"

"சரி, சரி. வெள்ளம் இல்லை."

அவ்வளவு தெளிவாகக் கேட்டுவிட்டதே என்று அத்தை மேலே பார்த்து ஸ்தோத்திரம் சொன்னார். ஆரணியில் ஏகாம்பரம் எழுதி அனுப்பினார்: மேலப்பாறவிளை, வெள்ளப் பாதிப்பு இல்லை. தண்ணீர் லாரி எங்கள் ஊருக்குத் திரும்பும் விலக்கில் திரும்பாமல் நேராகப் போனது. அது தெரியாமல் அன்று சாயங்காலம் வரை ஊர் ஜனங்கள் குடங்களோடு விலக்கில் நின்றார்கள்.

அடுத்த நாள் சிலர் பழைய கல்குவாரியில் தேங்கிய தண்ணீரை எடுத்தார்கள். விறகு நனைந்திருந்தது, கேஸ் தீர்ந்திருந்தது. துணியில் வடித்துக் குடித்தார்கள். பல பேருக்கு வயிற்றுப்போக்கு வந்து, நின்றது. ஜெயபாய் அத்தைக்கு நிற்கவில்லை. மரம் அறுத்து வழி உண்டாக்கி ஜீப் வருவதற்குள் மிகவும் தளர்ந்துவிட்டார். நாகர்கோவிலுக்குப் போகும் வழியில் இறந்தார்.

அடக்கம் முடிந்த வாரத்தில் ஒரு பத்திரிகையில் பூங்கனி அக்காவின் படம் வந்தது. புயலில் ஊருக்குக் குரல் கொடுத்த பெண் என்று தலைப்பு. படம் பழையது, ஏதோ கல்லூரி விழாவில் எடுத்தது. சிரித்துக்கொண்டிருந்தாள்.

இஸ்ரவேல் மாமா அதிகாரிகளிடம் போய், ஏன் லாரி வரவில்லை என்று கேட்டிருந்தார். வந்த செய்தியை அவர்கள் காட்டினார்கள். அதைப் பார்த்துவிட்டு நேராக அவள் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை.

"நீ என்னத்த பறஞ்ச?"

"வெள்ளம் இல்லேன்னு பறஞ்சேன் அண்ணா."

"அதத்தான் அங்கயும் எழுதி வச்சிருக்கான். வெள்ளம் இல்ல, கொழப்பம் இல்ல. அப்பம் எதுக்கு லாரி விடுவான்?"

அவள் சொல்லிப் பார்த்தாள். ஆரணிப் பக்கம் அந்தச் சொல்லுக்கு மழைவெள்ளம் என்று பொருள். ஏகாம்பரம் அப்படி எடுத்துக்கொண்டார். மைனிதான் பக்கத்தில் நின்று சொல்லச் சொன்னார். லாரி வேண்டும் என்றும் சொன்னேன் என்றாள். மாமா கேட்டுக்கொண்டே நின்றார். தொலைக்காட்சிச் செய்தியில் வெள்ளம் என்ற சொல் அந்தப் பொருளில் ஓடுவதை அவரும் எத்தனையோ முறை பார்த்திருப்பார். ஆனால் மனைவியைப் புதைத்துவிட்டு வந்தவரால், ஒரு சொல் அவளைக் கொன்றது என்பதை ஏற்க முடியவில்லை. ஆள் வேண்டும்.

"செத்தவள சாட்சி கூப்பிடாத பிள்ளே. தமிழ்நாட்டுல வெள்ளம்னா என்னன்னு தெரியாத மனுசன் உண்டுமா? உலகத்துக்கெல்லாம் பேசுன, பத்திரிகையில படம் போட்டுட்டான். பக்கத்து வீட்டுக்குப் பேசல்ல."

"பேசினேன் அண்ணா."

"அப்பம் அந்த ஆளு அவனுக்க வாயால பறயட்டு, நீ குடிக்க வெள்ளம் கேட்டேன்னு. அன்னைக்கு நான் நம்புதேன்."

இரண்டு கதைகளும் பிரிகிற இடம் இதுதான். மாமா இன்றுவரை அவளைத் திட்டியதில்லை, கல்லெறிந்ததில்லை. இந்த ஒரு நிபந்தனையைச் சொல்லிவிட்டுப் போனார், அவ்வளவுதான்.

அக்கா மறுநாளே நாற்பது மீட்டரில் ஏகாம்பரத்தைக் கூப்பிட்டாள். நடந்ததைச் சொல்லி, ஒரே வரியில் அவர் ஒப்புக்கொண்டால் போதும் என்றாள். அவர் வருத்தம் தெரிவித்தார். ஒரு மரணம் நடந்துவிட்டது என்றதும் அந்த நாளின் குறிப்பை எடுத்து வாசித்தார். பிறகு, "நீங்க சொன்னதை நான் திருப்பிச் சொன்னேன் மேடம். நீங்க சரின்னு சொன்னீங்க. முப்பது வருஷமா நான் தப்பா எழுதினது இல்லை" என்றார். வெள்ளம் என்றால் எங்கள் ஊரில் தண்ணீர் என்று அவள் மறுபடி சொன்னாள். அதுவரை கேட்டுக்கொண்டிருந்த வேறொரு குரல், மதுரையோ திருச்சியோ, குறுக்கே வந்து, "மேடம், வெள்ளம்னா வெள்ளம்தானே" என்றது. அதில் கேலிகூட இல்லை. சிலர் நல்ல எண்ணத்தோடு, துக்கத்தில் இருக்கிறீர்கள், ஓய்வெடுங்கள் என்றார்கள். அதற்குப் பிறகு அவள் அந்த மைக்கை எடுக்கவில்லை.

ஊர் அவளை ஒதுக்கி வைத்தது என்று சொல்ல முடியாது. அப்படி யாரும் கூடி முடிவெடுக்கவில்லை. கடையில் சாமான் கொடுத்தார்கள், வழியில் தலையசைத்தார்கள். ஆனால் ஒருவரும் வாத்து என்று கூப்பிடவில்லை. "என்ன பூங்கனி, சௌக்கியமா" என்று மரியாதையாகக் கேட்டார்கள். கேலி நின்ற அன்றுதான் தனக்கு விளங்கியது என்று என்னிடம் சொன்னாள். மாலையில் நடக்கப் போவதை விட்டாள். கட்டஞ்சாயா போட்டால் இரண்டு கிளாஸ் எடுத்து, ஒன்றைத் திரும்ப வைப்பாள்.

அடுத்த வருட அறுப்பின் பண்டிகைக்குத் தன் வீட்டு மட்டி வாழைக் குலை ஒன்றைக் காணிக்கையாக வைத்தாள். புயலில் விழுந்த வாழையின் பக்கக்கன்று வளர்ந்து முதன்முதலாகப் போட்ட குலை. எங்கள் சபையில் ஏலம் என்பது வியாபாரம் இல்லை. ஒரு தேங்காயை அதன் விலையைப் போலப் பல மடங்குக்குக் கேட்பார்கள். வைத்தவருக்கு மரியாதை அது. கோழி முட்டைக்குக்கூட இரண்டு குடும்பம் போட்டி போடும். மட்டிக் குலையைத் தூக்கிக் காட்டி ஏலம் விடுபவர் பெயரைச் சொன்னார். யாரும் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே இன்னொரு முறை சொன்னார். குலை பற்றி ஏதாவது சொல்லக்கூடிய ஒரே வியாபாரி இஸ்ரவேல் மாமா. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கேட்காததால் மற்றவர்களும் கேட்கவில்லை. கடைசியில் போதகரே ஒரு விலை சொல்லி முடித்தார். அடுத்து ஒரு பூசணிக்காய் வந்தது, சத்தம் மறுபடி கிளம்பியது. அந்தச் சத்தத்தில்தான் அவள் எழுந்து வீட்டுக்குப் போய்ப் பெட்டியை எடுத்தது.

ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு பள்ளியின் மாணவியர் விடுதியில் காப்பாளர் வேலை. நான் அங்கே போய்ப் பார்த்தேன். சிறிய அறை, ஜன்னலில் ஒரு முழ நீளக் கம்பி. கேட்பதற்கு மட்டும் ஒரு சின்னப் பெட்டி வைத்திருக்கிறாள். பெரிய கருவி கட்டிலுக்கு அடியில் அதே போர்வைக்குள் கிடந்தது. பேசலாமே என்றேன்.

"பேசினாத்தானே தப்பாவும்" என்றாள்.

அன்று பகல் முழுக்க நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். யாரோ ஒருவர் வெயில் அதிகம் என்றார். இன்னொருவர் தன் கம்பியைப் பற்றியே பேசினார். நடுவில் ஒரு புதுக் குரல், யாராவது இருக்கிறீர்களா என்று திரும்பத் திரும்பக் கூப்பிட்டது. யாரும் பதில் சொல்லவில்லை. அக்காவின் கை மடியில் அசைந்தது, அவ்வளவுதான். அந்தக் குரல் கொஞ்ச நேரம் கூப்பிட்டுவிட்டு நின்றது.

புறப்படும்போது, இஸ்ரவேல் அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். இருக்கிறார் என்றேன். அவர் விடிந்ததும் பண்பலையை வைப்பார், இரவில் அணைப்பார், யாராவது பேசிக்கொண்டிருக்க வேண்டும் வீட்டில். பெனிஷ் வெள்ளிக்கிழமைகளில் வீடியோ அழைப்பில் வருவான், படம் உறைந்து நிற்கும், உறைந்த முகத்தோடு மாமா பேசிக்கொண்டே இருப்பார். நான் அவளைப் பார்த்துவிட்டு வந்தது தெரிந்ததும், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "அங்க மழை உண்டா?" என்று கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை. அவள் வீட்டுக்கும் அவருக்கும் நடுவே அந்த ஒரு வேலிதான். அந்த ஆரணிக்காரர் வாயால் சொன்னால் இரண்டு பேருமே பிழைப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. நானே ஆரணிக்குப் போகிறேன் என்று அக்காவிடம் போனில் சொன்னேன். எனக்கு எங்காவது போகவேண்டும் என்பதால் சொன்னது என்று அவளுக்குத் தெரியும். வேண்டாம் என்றுவிட்டாள். கேட்டு வாங்குகிற வார்த்தை அண்ணனுக்கு உதவாது என்றாள்.

இந்த வருடம் தை மாதத்தில் ஒருநாள் மதியம் என் போனுக்கு அவளிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. அவள் குரல் இல்லை. வேறு யாரோ அவளுக்கு அனுப்பியதை அப்படியே எனக்குத் தள்ளிவிட்டிருந்தாள். கூட ஒரு சொல்லும் எழுதவில்லை. முதல் வரியைக் கேட்டதுமே எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போனேன். மாமா முற்றத்தில் ஏத்தங்குலைகளுக்குச் சருகு சுற்றிக்கொண்டிருந்தார். ஆரணிக்காரர் பேசியிருக்கிறார் என்றேன். கையைத் துடைத்தார். உள்ளே போய்ப் பண்பலையை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"போடு" என்றார்.

"வணக்கம் மேடம். நான் ஏகாம்பரம், ஆரணி. உங்க நம்பரை நம்ம சங்கத்துல கேட்டு வாங்கினேன். தப்பா எடுத்துக்காதீங்க. போன ஞாயித்துக்கிழமை என் அக்கா பேரனுக்குக் கல்யாணம். பொண்ணு உங்க ஊர்ப் பக்கம், மார்த்தாண்டம். பந்தியில உட்கார்ந்திருந்தேன். ஒரு அம்மா ஜக்கோட வந்து, வெள்ளம் விடட்டான்னு கேட்டாங்க. எங்கேம்மா வெள்ளம் வந்துச்சுன்னு நான் கேட்டேன். பந்தியே சிரிச்சுது. அந்த அம்மா டம்ளர்ல தண்ணி ஊத்திட்டு அடுத்த இலைக்குப் போயிட்டாங்க. நான் அதுக்கப்புறம் சாப்பிடல மேடம். எழுந்து வெளியில வந்து, அங்க வாசல்ல நின்ன ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டேன். எல்லாரும் ஒரே மாதிரிதான் சொன்னாங்க. நீங்க எனக்கு அப்பவே சொன்னீங்க. நான் கேக்கல. நீங்க குடிக்கத் தண்ணி கேட்டீங்க. நான் தப்பா எழுதினேன். திருப்பிச் சொன்னேன், சரின்னு சொன்னீங்கன்னு இத்தனை வருஷம் சொல்லிக்கிட்டிருந்தேன். இதை யார்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட நான் சொல்றேன், நேர்ல வந்து சொல்லணும்னாலும் வர்றேன். ஒரு அம்மா இறந்துட்டாங்கன்னு அன்னைக்குச் சொன்னீங்க. நான் அவங்க பேரைக்கூடக் கேக்கல. அவங்க பேரு என்ன மேடம்?"